ஷூ வயல்

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் ஒரு அளவு பெரிதாகத்தான் வாங்குவோம். பள்ளிச் சீருடை, செருப்பு, வளையல், எல்லாமே. "வளர்ற புள்ள" என்பது அம்மாவின் நியாயம். எனக்கு இருபத்து மூன்று வயதாகி, வேளாண்மைப் பட்டம் வாங்கி, அரசு வேலையும் கிடைத்த பிறகும் அந்த நியாயம் ஓயவில்லை.

தஞ்சாவூர்க் கடையில் அந்த வெள்ளை ஸ்னீக்கரைப் பார்த்ததும், பெரிய கோயில் கோபுரத்தை முதன்முதலாகப் பார்ப்பவள்போல அண்ணாந்து நின்றுவிட்டேன். (மேல் தட்டில் இருந்தது, அண்ணாந்துதான் பார்க்க முடியும்.) சுடிதார், ஜீன்ஸ், பருத்திப் புடவை, எதற்கும் பொருந்தும் ஒன்றை ஏழு கடைகளில் தேடியிருந்தேன். ஆறாம் நம்பர் கச்சிதமாக இருந்தது. என் வாய் தானாக, "ஏழு குடுங்க" என்றது.

வீட்டில் போட்டு நடந்தால் நான் ஒரு பக்கம், ஷூ ஒரு பக்கம். அம்மாவின் பழைய பச்சைப் புடவையைக் கிழித்து முனையில் திணித்தேன். அவருக்குத் தெரியாது.

அந்த வாரமே, வலங்கைமான் பக்கம் எங்கள் ஊரிலேயே வரிசை நடவு செயல்விளக்கம். நடவுப் பெண்களில் அம்மாவும் ஒருவர். எங்கள் குடும்பத்திலிருந்து வயலுக்கு அதிகாரியாகப் போகும் முதல் ஆள் நான். நான் தேறுவேனா என்று பார்க்க மேலதிகாரி மேடம் வந்திருந்தார். எல்லோருடைய செருப்பும் வரப்போரம் கிடந்தது.

"கழட்டிட்டு எறங்கும்மா. வரிசை நேரா வர, கயித்த அந்த முனைக்கு இழு" என்றார் மேடம்.

கழற்றினால் பச்சைத் துணி தெரிந்துவிடும். "வரப்பு மேலயே போயி இழுத்துடறேன் மேடம்."

அவர் முகம் மாறியது. "சேத்துல கால் வைக்கக் கூசுனா இந்த வேலைக்கு ஏம்மா வந்தே?"

பதறி வேகமாக நடந்தேன். அன்று காலையில்தான் சேறு பூசி மெழுகிய வரப்பு. மூன்றாவது அடியில் வலது கால் முழங்கால் வரை வயலுக்குள். உருவினேன். கால் வந்தது, ஷூ வரவில்லை. விரல்களில் சுற்றிக்கொண்டு பச்சைத் துணி வந்தது.

"அடியே, இது எம் பொடவைல்ல?" நாலு வயலுக்குக் கேட்டது அம்மாவின் குரல்.

"ஷூ பெருசும்மா..."

"ஏண்டி ஆபீசரம்மா, இன்னுமா வளர்றே?" என்றார் பக்கத்து வீட்டு ராணி அத்தை. கையிலிருந்த நாற்றுமுடிகளோடு வயலே குலுங்கியது. மேடம் கயிற்றைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

"யாரும் மிதிச்சு அமுக்கிடாதீங்க" என்று அம்மா கையைத் தூக்கினார். பெண்கள் நடவுக்கு நிற்பதுபோல வரிசையாக நின்று, காலால் துழாவிக்கொண்டே பின்னோக்கி நகர்ந்தார்கள். யாரும் குனியவில்லை. "இது நண்டு வளை." "இது போன போகத்துத் தூரு." மண்ணைப் பற்றி நான்கு வருடம் படித்தவள் நான், இவர்கள் பாதங்கள் அதைச் சேற்றின் இருட்டிலேயே படித்தன. அம்மா சட்டென்று நின்றார். பெருவிரலை லேஸில் மாட்டி, ஒற்றைக் காலில் அசையாமல் நின்றபடி, வாய் நிறையச் சேறோடு இருந்த ஷூவை மேலே தூக்கினார். எந்தக் கடையிலும் அந்தக் கால்களுக்கு நம்பர் கிடையாது.

இடது ஷூவையும் கழற்றி வரப்பில் வீசிவிட்டு இறங்கினேன். கயிற்றை அந்த முனைவரை இழுத்தேன்.

"இப்ப சரி" என்றார் மேடம்.

மூன்று முறை துவைத்தும் ஷூ தேநீர் நிறத்திலேயே நின்றுவிட்டது. (அதுவும் எல்லா உடைக்கும் பொருந்துகிறது.) அந்த வயலுக்கு இருந்த ஆலடி வயல் என்ற பெயர்தான் போய்விட்டது. போன அறுவடையின்போது மெஷின்காரர் போன் செய்தார்: "மேடம், ஷூ வயல் காஞ்சிருச்சா? மெஷின எறக்கலாமா?"

"எறக்கலாம்ணே" என்றேன், பெயர்க்காரணம் தெரியாதவள் மாதிரி.

பக்கத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "டயரு ஒரு சைசு பெருசா இருந்தா வேணாம்னு சொல்லு."