எஞ்சின் அண்ணையின் இரண்டு மூளைப் படங்கள்

மன்னார்த் தீவில் எஞ்சின் அண்ணைக்கு எஞ்சினாகத் தெரியாத பொருள் ஒன்றுமே கிடையாது. உப்புக்குளத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துவது தொழில். மிச்ச நேரத்தில் மனிதரைத் திருத்துவார். எனக்கு இருமல் வந்தபோது முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “தம்பி, சைலன்சரில ஓட்டை” என்றார். பக்கத்துத் தெருவுக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை, “ஸ்ராட் எடுப்பார், ஆனா இழுக்க மாட்டார்” என்று சொல்லி ஒரு சம்பந்தத்தையே குழப்பினார்.

தொழிலில் அவருக்கு ஒரு முறை உண்டு. பழுதான எஞ்சினைத் தனியாகப் பார்க்கமாட்டார். நன்றாக ஓடும் எஞ்சின் ஒன்றையும் கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார். அதனால் நல்ல எஞ்சின் வைத்திருப்பவர்கள் இவர் தலை தெரிந்தால் படகைக் கடலுக்குள் தள்ளிவிடுவார்கள்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். அக்காவுக்கு மறதி வந்தது. முதலில் மீன் குழம்புக்குள் தேயிலையைப் போட்டார். அண்ணை அதை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு நல்லாயிருக்கு என்றார். பிறகு ஒருநாள் மாதா கோயில் பூசைக்குப் போன அக்காவை பஸ் நிலையத்தில் கண்டுபிடித்தோம். மன்னார் ஆஸ்பத்திரி டொக்டர் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி மூளையை ஸ்கான் எடுப்பித்தார்.

“ஞாபகத்துக்குரிய இடம் சுருங்கியிருக்கு. அல்சைமர் நோயா இருக்கலாம். ஆனா படத்தை மட்டும் வைச்சு நான் முடிவு சொல்லமாட்டன். ஆளையும் பாக்கவேணும்” என்றார் டொக்டர்.

கனடாவில் இருக்கும் மகளுக்கு அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியது நான்தான். அண்ணைக்குத் தொலைபேசி மட்டும் எஞ்சினாகத் தெரியவில்லை. அன்று மாலையே மருமகன் அழைப்பெடுத்தார். அவர் கணக்காளர். ஆனால் இன்ரநெற்றில் மூளையைப் பற்றி ஒன்றும் விடாமல் வாசித்திருந்தார்.

“மாமா, படம் மோசம். இனி மாமியை வீட்டில வைச்சிருக்கேலாது. சிஸ்டர்மாரின்ர முதியோர் இல்லத்தில கதைச்சிட்டம்” என்றார்.

அன்றிரவு அண்ணை சாப்பிடவில்லை. அக்காவை விட்டுவிட்டு அந்த மனிதர் எப்படி இருப்பார் என்று எனக்கே யோசனையாகிவிட்டது.

காலையில் தெளிவாக வந்தார். “தம்பி, பிழை விளங்கிட்டுது. பக்கத்தில வைச்சுப் பாக்க நல்ல எஞ்சின் ஒண்டு இல்லை.”

“நல்ல மூளைக்கு எங்க போறது?”

“ஏன், என்ர இருக்குத்தானே!”

தனக்கும் மறதி என்று டொக்டரிடம் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லி, யாழ்ப்பாணம் போய்த் தன் தலையையும் படம் எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு படங்களையும் யன்னல் கண்ணாடியில் ஒட்டினோம். எனக்கு இரண்டும் கறிக்குப் போடும் பூக்கோவா மாதிரித்தான் தெரிந்தன. பெயர் தெரியாமல் மறைத்துப் படம்பிடித்து மருமகனுக்கு அனுப்பினேன். “இதில மாமி ஆர் எண்டு சொல்லும் பாப்பம்” என்று தொலைபேசியில் கேட்டார் அண்ணை.

மருமகன் யோசிக்கவேயில்லை. “இடப்பக்கம்தான் மாமி. எவ்வளவு சுருக்கம், பாருங்கோ!”

“டேய், அது நான்!”

தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சிரித்தார். அந்தப் பக்கத்தில் மகள் அழத் தொடங்கிவிட்டாள். “அப்ப ரெண்டு பேருக்கும் இடம் கேக்கவோ அப்பா?” என்றாள்.

டொக்டர்தான் அவளோடு கதைத்து ஒரு வழிக்குக் கொண்டுவந்தார். வீடும் மனிதரும் பழகியிருப்பதே அக்காவுக்கு நல்லது, பகலில் ஒரு பெண்ணைத் துணைக்கு வைத்தால் போதும் என்றார். அக்கா வீட்டிலேயே இருப்பதென்று முடிவானது. பிறகு டொக்டர் அண்ணையைப் பார்த்தார்.

“உங்கட படத்திலயும் சுருக்கம் இருக்கு ஐயா. சோதிச்சுப் பாத்ததில இப்ப நீங்கள் தெளிவு. சில பேருக்கு மூளையில மாற்றம் முந்தி வரும், மறதி பிந்தி வரும். வராமலும் விடும். மூளையில படியிற புரதத்தைக் காட்டுற வேற ஸ்கானும் வெளிநாடுகளில இருக்கு.”

“அது எப்ப வரும் எண்டு சொல்லுமோ?”

“அதைச் சரியாச் சொல்லாது.”

“பிளக்கில கரி பிடிச்சிருக்கு எண்டு காட்டும். எஞ்சின் எப்ப நிக்கும் எண்டு சொல்லாது. அப்பிடித்தானே?”

“கிட்டத்தட்ட அப்பிடித்தான்” என்றார் டொக்டர். திரும்பி வரும்போது அண்ணை வழியில் ஒரு எஞ்சினையும் பற்றிப் பேசவில்லை.

ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வருகிற போகிறவர்களைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தார். அண்ணை முழந்தாளில் நின்றவர் எழும்புவதாக இல்லை. வெளியே வந்ததும் கேட்டேன்.

“அக்காவுக்கு ஞாபகம் திரும்பவேணும் எண்டோ இவ்வளவு நேரம் மன்றாடினியள்?”

“இல்லைத் தம்பி. டொக்டர் ஏலாது எண்ட விசயத்துக்கு மாதாவை ஏன் கரைச்சல்படுத்துவான்? மறதி எனக்கும் வாறதெண்டால் வரட்டும், அவ போனாப் பிறகு வரட்டும் எண்டு கேட்டனான். நானும் மறந்துபோனால், அவ ஆர் எண்டு அவவுக்கு ஆர் சொல்லுறது?”

நான் முசலிப் பக்கம் பிறந்த சைவக்காரன். மடுவில் எப்போதும் கைகட்டி ஓரமாக நிற்பதோடு சரி. அன்றைக்குத் திரும்பவும் உள்ளே போய் முழந்தாளிட்டு, எஞ்சின் அண்ணை கேட்டதையே நானும் கேட்டேன்.