பாவாயி காட்டுக்கு வந்த நீர்மூழ்கிக் கப்பல்

இதை எனக்கு முதலில் சொன்னது என் நாத்தனார் சென்னம்மாள். எண்பத்திரண்டில், மாரியம்மன் நோன்பி சாட்டியிருந்த வாரம், பஸ்ஸுக்கு நின்றபோது.

மோகனூருக்கு மேற்கே ஓர் ஊரில் பாவாயி தன் காட்டில் கடலை போட்டிருந்தாள். அந்த வருஷத்து வெள்ளாமை அவளுக்கு அது ஒன்றுதான். களவாணிகளுக்குப் பயம் காட்ட, வேப்பங்கொத்தில் மஞ்சத்துணி சுற்றிக் காவல்தெய்வம் கருப்பணார் பேரில் கட்டியிருந்தாள். ஆட்டுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாதே; அதற்கு முள்வேலி.

பார்வையிட வந்த வேளாண் விரிவாக்க அதிகாரி அர்த்தநாரி முள்வேலியைப் பார்த்து முகம் சுளித்தார். அவர் அந்த வாரம்தான் பத்திரிகையில் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிப் படித்திருந்தார்.

"மாசக்கணக்கா கடலுக்கடியிலேயே கிடக்கும்மா. உள்ளே ஏவுகணை. எங்கே இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. அந்தப் பயத்திலேயே எதிரி கிட்ட வரமாட்டான்."

"சுடுமுங்களா?"

"சுட்டா அது தோத்துப்போச்சுன்னு அர்த்தம்."

பாவாயிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆபீசர் சொல்கிறாரே என்று தலையாட்டி வைத்தாள். அதுவே ஒப்புதலாகக் கருதப்பட்டு, ‘கண்ணுக்குப் புலப்படாக் காவல் திட்டம்’ அமலுக்கு வந்தது. காவலர் ஒருவர் நியமிக்கப்பட்டார்; யார், எங்கே என்பது அரசு ரகசியம். வேலி இருந்தால் காவலர்மேல் நம்பிக்கையில்லை என்றாகிவிடுமாம். முள்ளைப் பிடுங்கி ஓரமாகப் போடச் சொன்னார்கள்.

மறுநாளே பக்கத்து ஆட்டுப்பட்டிக்காரன் சென்னிமலையின் வெள்ளாடுகள் மேற்கு மூலையை மொட்டையடித்தன. பாவாயி ஆபீசுக்கு ஓடினாள்.

"ஏனுங்க, ஆடு மேஞ்சுபோட்டுதுங்க!"

"காவலரைப் பார்த்தீங்களா?"

"காக்கா குருவியக்கூடக் காணமுங்க."

"அப்ப திட்டம் பூரண வெற்றி."

"ஆடு பயப்படலீங்களே, சாமி!"

அர்த்தநாரி யோசித்தார். ஆடுகளுக்கு முறைப்படி தகவல் தெரிவிக்கப்படவில்லை! சாயங்காலமே பட்டியின் முன் தண்டோரா போட்டு, மேற்படி ஆடுகளின் மேலான கவனத்துக்கு அறிவிப்பு வாசிக்கப்பட்டது. பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கிடாய் ஒன்று அந்தத் தாளைத் தின்றது.

பயந்தது சென்னிமலைதான். "என் ஆட்டுக்கு என்ன ஆவுமோ!" என்று பட்டிக்கும் ஒரு காவலர் கேட்டு வாங்கினான். அதற்குப் பேர் ‘சமநிலை’யாம். பிறகு ஊரே ஆளுக்கொருவர் கேட்டது. காணாத காவலர் இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள்.

பாவாயி விடிகாலையில் எழுந்து, பழைய முள்ளை இழுத்துப் போட்டு, நுழைவழிப் படலைச் சாத்தினாள். ஆடு நின்றது. மிச்சக் கடலை பிழைத்தது.

"வேலி போட்டது யாரு?" அதட்டினார் அர்த்தநாரி.

"ஆளை நான் பாக்கலீங்க. நம்ம காவலராத்தான் இருக்கோணும்."

அர்த்தநாரிக்குப் பதவி உயர்வு வந்தது. அடுத்த பருவத்தில் ஊர்க் காடெங்கும் வேலி தானாக முளைத்தது. எல்லாரும் திட்டத்தைப் புகழ்ந்தார்கள். எல்லார் கையிலும் முள் கீறல். கப்பல் வைத்திருக்கிறவர்களின் கையையும் யாராவது பார்த்தால் தேவலை.

நானும் காணாத கருப்பணாரைத்தான் நாள் தவறாமல் கும்பிடுகிறேன். ஆனாலும் போகும்போது அந்தப் படலைச் சாத்திவிட்டுப் போங்கள், சாமி, ஆடு வந்துவிடும்.