குழாய் பேசிய கதை

குடிநீர் அலுவலகத்து மூத்த எழுத்தருக்கு ஒரே மகள். படிப்பு முடிந்த கையோடு, தான் எழுத்தாளர் ஆகப்போவதாக அவள் வீட்டில் முறைப்படி அறிவித்தாள். எழுத்தர் வீட்டில் எழுத்தாளர் உருவாவது ஒருவகைப் பதவி உயர்வுதான் என்று கருதிய அப்பா, ஆட்சேபணை ஏதும் தெரிவிக்கவில்லை. அம்மா மட்டும், "அதுக்கு லீவு உண்டா?" என்று ஒரு துணைக்கேள்வி எழுப்பினாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டால்கூட ஒரு பத்தி அளவுக்குப் பதில் சொல்வாள் என்பதால் அவளை எல்லாரும் பத்தி என்றே கூப்பிட்டார்கள். பத்தியைப் பத்தித்தான் இந்தக் கதை.

முதலில் ஒரு நாளிதழில் நிருபர் வேலை கிடைத்தது. அவளுக்குக் கொடுத்த முதல் பணி, அவள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் புதுக் குடிநீர்க் குழாய் திறப்பு விழா. குடிநீர் அதிகாரியே நேரில் வந்து ரிப்பன் வெட்டினார். தாகத்தின் வரலாறு பற்றி நெடுநேரம் பேசினார். பிறகு குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. கூட்டம் கைதட்டியது. அதிகாரி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துக் குடித்தும் காட்டினார்.

அத்துடன் விட்டிருக்கலாம். போட்டோகிராபர், "சார், கண்ணை மூடிட்டீங்க, இன்னொரு தடவை" என்றார். அதிகாரி மறுபடி குழாயைத் திறந்தார். முதலில் கொஞ்சம் காற்று வந்தது. அப்புறம் குழாய்க்குள்ளிருந்து ஒரு மனிதக் குரல் வந்தது.

"சார், டிரம் காலி!"

கூட்டம் அசையாமல் நின்றது. பத்தி மட்டும் திடுக்கிட்டாள். அந்தக் குரல், "என் கண்ணாடியை யார் எடுத்தது?" என்று கத்துவதைக் கேட்டுத்தான் அவள் தினமும் காலையில் எழுந்திருக்கிறாள். சுவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். ஒரு நாற்காலி மேல் அப்பா ஏறி நின்றிருந்தார். கையில் காலி டிரம். குழாயின் மறுமுனையில் ஒரு பெரிய புனல். அப்பா மகளைப் பார்த்ததும், அலுவலகத்தில் பார்வையாளர்களிடம் காட்டும் அதே முகத்தோடு, "நாளைக்கு வாங்க" என்றார்.

பத்தி நடந்ததை நடந்தபடி எழுதினாள், அப்பாவின் பெயரை மட்டும் விட்டுவிட்டு. பத்திரிகை ஆசிரியர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"குழாய் பேசிச்சுன்னு போட்டா எவன் நம்புவான்?"

"நான் காதால கேட்டேன் சார்."

"நீ கேட்டதெல்லாம் செய்தி ஆயிடாதும்மா. அவங்க அனுப்பறதுதான் செய்தி." மேஜை மேல் இருந்த அரசுக் குறிப்பை எடுத்துக் காட்டினார். மறுநாள் அதுவே தலைப்பாக வந்தது: 'மக்கள் வெள்ளத்தில் குடிநீர்க் குழாய் திறப்பு.'

"ஒரு டிரம்முக்கு மேல தண்ணியே வரலையே சார்?"

"வெள்ளம்னு போட்டிருக்கோமே, இன்னும் என்ன வேணும்?" என்றார் ஆசிரியர். பிறகு மனம் இளகி, "உனக்குக் கற்பனை ஜாஸ்தி. நீ கதை எழுதப் போ" என்று ஆசீர்வதித்து அனுப்பிவைத்தார்.

வீட்டில் அப்பா பேப்பரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவருக்கு நிம்மதியும் வருத்தமும் ஒன்றாக வந்தன.

"என் பேர் வரலையே?"

"வந்தா உங்க வேலை போயிடும்ப்பா."

"பேர் வேணாம். 'கம்பீரமான ஒரு குரல்'னாவது வந்திருக்கலாம்."

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "வீட்டுக்கு ஒரு குடம் தூக்கச் சொன்னா இடுப்பு பிடிச்சுக்குது. அங்கே டிரம்மையே தூக்கி ஊத்தியிருக்காரு மனுஷன்."

பத்தி அதைக் கதையாக எழுதிக்கொண்டு ஒரு பதிப்பாளரிடம் போனாள். பதிப்பகம் என்பது ஓர் அறை. உட்கார நாற்காலி இல்லை, விற்காத புத்தகக் கட்டுகள் இருந்தன. கவிதைக் கட்டு மேல் பதிப்பாளரும் நாவல் கட்டு மேல் பத்தியும் உட்கார்ந்தார்கள். அவர் ஒரே மூச்சில் படித்துவிட்டுக் கவலையோடு நிமிர்ந்தார்.

"இது புரியுதே."

"ஆமா சார்."

"முதல் தடவை படிக்கும்போதே புரியுது. இப்போ அந்தக் காலம் போயிடுச்சும்மா. வாசகன் உழைக்கணும். முதல்ல அந்த அதிகாரியை எடுத்துடு. டிரம்மையும் எடுத்துடு. குழாய் மட்டும் இருக்கட்டும். அது யோசிக்கணும்."

"எதைப் பத்தி சார்?"

"தான் ஒரு குழாயாங்கறதைப் பத்தி."

பத்தி எழுதினாள். குழாய் யோசித்தது. நூல் முழுக்க யோசித்தது. 'துவாரத்தின் உட்புறம்' என்ற தலைப்பில் கறுப்பு அட்டையோடு நூல் வெளிவந்தது. வெளியீட்டு விழாவுக்குத் தலைமை தாங்க, பொருத்தம் கருதி, குடிநீர் அதிகாரியையே அழைத்தார்கள். விமர்சகர் ஒருவர், "இந்நூலில் தண்ணீர் என்பது தண்ணீர் அல்ல" என்று முழங்கினார். அதிகாரி எழுந்து, "எங்கள் குழாய்களில் எதிர்பார்க்க வேண்டியதும் தண்ணீர் அல்ல என்று நாங்களும் ரொம்ப காலமாகச் சொல்லி வருகிறோம். இன்றுதான் இலக்கிய உலகம் அதைப் புரிந்துகொண்டிருக்கிறது" என்று நெகிழ்ந்தார். முன்வரிசையில் இருந்த அப்பா, இரண்டு பேச்சுக்கும் நடுவில் புத்தகத்தில் தன்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்தப் புத்தகம் யாருக்குமே புரியவில்லை என்ற நற்பெயர் சினிமா வரைக்கும் பரவியது. ஒரு தயாரிப்பாளர் கார் அனுப்பினார்.

"நான் படிக்கலை. படிச்சவங்களுக்கே புரியலையாமே? அப்போ உள்ள பெரிய விஷயம் இருக்கும். கதையை ரெண்டு வரியில சொல்லு."

பத்திக்கு அன்று உற்சாகமாகிவிட்டது. குழாயின் சிந்தனைகளை விட்டுவிட்டு, உண்மையில் நடந்ததைச் சொன்னாள். அறையில் இருந்த டைரக்டரும் மற்றவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் வேலையைத் தொடங்கினார்கள்.

"ஹீரோ எங்கே நிக்கறாரு?" என்றார் டைரக்டர்.

"சுவருக்குப் பின்னாடி."

"ஹீரோ எதுக்குப் பின்னாடியும் நிக்க மாட்டாரு. சுவரை எடுத்துடுவோம்."

"சுவர் இல்லைன்னா டிரம் தெரியுமே?"

"டிரம் எதுக்கு? ஹீரோ தரையில ஓங்கி ஒரு குத்து விடறாரு. தண்ணி பொத்துக்கிட்டு வருது."

"அப்போ குழாய்?"

"பூமியிலேருந்தே வந்துடுச்சே, குழாய் எதுக்கு?" என்று தயாரிப்பாளர் சிக்கனமாகச் சொன்னார். "அங்கேயே ஒரு மழைப் பாட்டு வைங்க."

மழைப் பாட்டுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. கலை வளர்ச்சியை முன்னிட்டு, குடிநீர் அதிகாரி பக்கத்துத் தெருவுக்குப் போக வேண்டிய லாரிகளைப் படப்பிடிப்புக்குத் திருப்பிவிட்டார். படத்தில் நாயகனும் நாயகியும் நன்றாக நனைந்தார்கள். தெருவில் யாரும் குளிக்கவில்லை.

படம் வெளியான அன்று குடும்பத்தோடு போனார்கள். பத்தியின் பெயர், நன்றி என்ற பகுதியில், ஜெனரேட்டர் கொடுத்தவருக்கும் சமையல்காரருக்கும் நடுவில் வேகமாக மேலே போனது. அப்பா கடைசி வரைக்கும் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். வெளியே வரும்போது கேட்டார்:

"நான் எங்கேம்மா வர்றேன்?"

"நீங்க வரலைப்பா."

"அந்த நாற்காலி?"

"இல்லை."

"சுவராவது வைச்சிருக்கலாம்" என்றார் அப்பா.

அன்று இரவு பத்தி கணக்குப் பார்த்தாள். நாளிதழ் குரலை எடுத்துவிட்டது, பதிப்பாளர் டிரம்மை எடுத்துவிட்டார், சினிமா சுவரையே எடுத்துவிட்டது. மூன்று கலைகளும் சேர்ந்து அவள் அப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியது யார்? இவள்தான். சுவரும் நாற்காலியும் புனலும் அப்பாவும் அப்படியே இருக்கிற ஒன்றை எழுதாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

மிஞ்சியிருந்தது நாடகம்தான். ஒரு பழைய அரங்கில் நாடகக்காரர் ஒருவர் ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். அவருக்குக் கதை பிடித்துவிட்டது.

"ஆனா நவீன நாடகத்துல பொருள்கள் கிடையாது. ஒருத்தர் சுவரா நிப்பாரு. ஒருத்தர் குழாயா வளைவாரு. தண்ணியை விரலால காட்டுவோம்."

"நிஜக் குழாய், நிஜத் தண்ணி" என்றாள் பத்தி. பத்தி என்று பெயர் வாங்கியவள் நாலே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டதால், நாடகக்காரர் பயந்து ஒப்புக்கொண்டார். சுவருக்குப் பின்னால் நிற்கும் வேஷத்துக்கு ஆள் தேடியபோது, அப்பா தானாகவே விண்ணப்பித்தார். முன்அனுபவம் உண்டு என்றார்.

மேடையில் தண்ணீர் பயன்படுத்தக் குடிநீர் அதிகாரியின் அனுமதி வேண்டும். பத்தி நாடகப் பிரதியோடு போனாள். அதிகாரியின் அறையில் கைகழுவும் தொட்டி ஒன்று இருந்தது. அதன் குழாயில் 'உபயோகத்தில் இல்லை' என்று ஓர் அட்டை தொங்கியது. அவர் நாடகத்தை முழுவதும் படித்தார்.

"இதுல வர்ற அதிகாரி யாரு?"

"கற்பனை சார்."

"நல்லா பேசறாரு. இன்னும் ரெண்டு பக்கம் பேசட்டும்." பிறகு அவர் முகம் இறுகியது. "ஆனா குழாய்ல தண்ணி வரலைன்னு எழுதியிருக்கியே, அதை அனுமதிக்க முடியாது."

"தெருவுல வரலையே சார்?"

"தெருவுல வரலைன்னா ஜனங்க மனு கொடுப்பாங்க. அது மனு. மேடையில வரலைன்னா அது கலை. ஜனங்க நம்பிடுவாங்க."

அலுவலகத்தின் கௌரவத்தைக் காப்பாற்ற, மேடைக் குழாயில் எந்நேரமும் தண்ணீர் வந்தாக வேண்டும் என்று உத்தரவாயிற்று. பிரதானக் குழாயிலிருந்து அரங்குக்கு நேர் இணைப்புத் தோண்டினார்கள். தெருத்தெருவாகத் தோண்டிக்கொண்டு போனபோது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆட்கள் ஆவலோடு எட்டிப் பார்த்தார்கள். "உங்களுக்கில்லை, நாடகத்துக்கு" என்று ஊழியர்கள் பணிவாகச் சொல்லிக்கொண்டே தோண்டினார்கள்.

முதல் காட்சி. அதிகாரி முன்வரிசையில். பத்தி பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்றாள். மேடை அதிகாரி பேசினார், ரிப்பன் வெட்டினார், குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. போட்டோகிராபர், "இன்னொரு தடவை" என்றார். மறுபடி திறந்தார். அந்த நேரத்துக்குச் சரியாக, சுவருக்குப் பின்னாலிருந்து அப்பா தன் வாழ்நாள் கம்பீரத்தையெல்லாம் திரட்டி, "சார், டிரம் காலி!" என்றார்.

குழாயோ நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது. அரங்கம் அதிரச் சிரித்தது. முன்வரிசை அதிகாரிதான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். பத்திக்குக் கண் கலங்கியது. அப்பாவின் குரலை ஊரே கேட்டுவிட்டது.

சட்டென்று சிரிப்பு நின்றது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் பதறினாள்: "ஐயையோ, தண்ணி வீணாப் போகுதே!"

அவள் தண்ணீர் பாட்டிலோடு மேடைக்கு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் அரங்கமே மேடையில் நின்றது. 'பார்வையாளருக்கும் கலைக்கும் நடுவே இருந்த சுவர் தகர்ந்தது' என்று விமர்சகர்கள் எழுதினார்கள்.

மறுநாள் மாலை டிக்கெட் வாங்க வந்தவர்கள் வாளியோடு வந்தார்கள். அதற்கடுத்த நாள் குடங்கள் வந்தன. பத்திரிகை ஆசிரியர் ஒரு கேனோடு வந்தார். "இப்பவாவது நான் சொன்னதை நம்பறீங்களா சார்?" என்று பத்தி கேட்டாள். "கொஞ்சம் நகரும்மா, வரிசை போயிடும்" என்றார் அவர்.

தண்ணீர்க் காட்சி வருவதற்குள் நேரமாகிறது என்று புகார் வந்ததால், முன்னால் இருந்த வசனங்களைக் குறைத்தாள். பிறகு அடியோடு எடுத்துவிட்டாள். நாடகக்காரர், "மௌன நாடகம்தான் இப்போ நாகரிகம்" என்று தேற்றினார். தண்ணீர் வரும்போது 'காலி' என்பது பீதியைக் கிளப்பும் என்று அலுவலகம் சுட்டிக்காட்டியதால், அப்பாவின் வசனம், "வரிசையா வாங்க, தள்ளாதீங்க!" என்று மாற்றப்பட்டது. வசனம் நீண்டதில் அப்பாவுக்குப் பரம சந்தோஷம். அம்மாவும் தவறாமல் வந்தாள். ஒவ்வொரு காட்சிக்கும் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கிடைத்தது என்பதால், மகளின் எழுத்தை அவள் முதன்முறையாகப் பாராட்டினாள்.

அதிகாரிக்குக் கலைச்சேவை விருது கிடைத்தது. தண்ணீர் கேட்டு அவரிடம் இப்போது யாரும் மனு கொடுப்பதில்லை. மனுக்கள் பத்தி வீட்டுக்கு வருகின்றன.

போன வாரம் ஒரு தெருவே திரண்டு வந்திருந்தது. முன்னால் நின்ற பெரியவர் மரியாதையாகப் பேசினார்.

"எங்க தெருவுல விளக்கு எரியறதில்லைம்மா. நீங்க பார்த்து ஒரு நாடகம் எழுதித் தரணும். பெருசா வேணாம். ஒரு பல்பு எரியற மாதிரி சின்னதா ஒரு சீன்."

பத்திக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை பேர் தன் எழுத்துக்காகக் காத்திருப்பார்கள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. பேனாவைத் திறந்துகொண்டு கேட்டாள்:

"கதை எப்படி இருக்கணும்னு நினைக்கறீங்க?"

பெரியவர் திரும்பித் தன் தெருவைப் பார்த்தார். தெரு அவரைப் பார்த்தது. எல்லாருக்கும் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

"கதை எதுக்கும்மா?" என்றார். "அது வெளிச்சத்தை மறைக்குமில்ல?"