வேதப்படி மூணு நாள் லீவு

உலகத்துல துணி வெளுக்கிற கம்பெனி ஆயிரம் இருக்கலாம். துணியோட சேர்த்து ஆத்துமாவையும் வெளுத்து, கஞ்சி போட்டு, மடிச்சுக் குடுக்கிற கம்பெனி ஒண்ணே ஒண்ணுதான். அங்க பாய்லரைப் பத்தவைக்கும் முன்னாடி ஜெபம். ஷிஃப்ட் முடிஞ்சா ஜெபம். ஓவர்டைம் காசு கிடையாதுன்னு அறிவிக்கிற அன்னிக்கு மட்டும் கொஞ்சம் நீளமான ஜெபம்.

அந்தப் புண்ணியத் தலத்துலதான் நம்ம இஸ்திரிக்காரர் வருஷக்கணக்கா ஓட்டல் பெட்ஷீட்டுகளைத் தேய்ச்சுக்கிட்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஷிஃப்ட் முடியுற நேரத்துல போன் வந்துச்சு. அக்கா போயிட்டாங்க. அம்மா முகமே ஞாபகம் இல்லாத அவருக்குத் தலைவாரி, பள்ளிக்கூடம் அனுப்பி, ஆளாக்கினது அந்த அக்காதான்.

"மாப்பிள்ளை, திங்கக்கிழமை காலைல அடக்கம். நீ வந்து ஒரு தடவை பாத்தப்புறம்தான் பெட்டியை மூடணும்னு உங்கக்கா சொல்லிட்டுப் போயிருக்கா." அக்கா புருஷன்தான் பேசினார்.

நெருங்கின சொந்தத்துல சாவுன்னா மூணு நாள் லீவுன்னு கம்பெனி விதி. சனி, ஞாயிறு, திங்கள். விரல்விட்டு எண்ணிப் பாத்தார், சரியாத்தான் இருந்துச்சு. விரலை நம்பினதுதான் அவர் செஞ்ச தப்பு.

சனிக்கிழமை காலைல "துக்க விடுப்புப் பரிசீலனைக் குழு" கூடுச்சு. மேனேஜர், ஹெச்.ஆர். மேடம், கணக்கர். மூணு பேர் கையிலயும் பைபிள். விதிப் புத்தகத்தை மட்டும் யாரும் எடுத்துட்டு வரல.

"பிரதர், உங்க துக்கத்துல கம்பெனியும் பங்கெடுக்குது," மேனேஜர் ஆரம்பிச்சார். "நாளைக்கு விடியக்காலை ஷிஃப்ட்டுக்கு வந்துடுங்க."

"மூணு நாள்னு போட்டிருக்கே சார்."

"மூணு நாள்தான். ஆண்டவரை எப்போ அடக்கம் பண்ணாங்க?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்."

"எப்போ எழுந்தாரு?"

"ஞாயித்துக்கிழமை விடியக்காலைல."

"மூணாம் நாள் எழுந்தார்னு நாமதானே வாராவாரம் சொல்றோம்? வெள்ளி ஒண்ணு, சனி ரெண்டு, ஞாயிறு மூணு. அந்தக் காலத்துக் கணக்குல நாள்ல ஒரு துண்டு இருந்தாலும் முழு நாள். அவருக்கு ஒரு கணக்கு, உங்களுக்கு ஒரு கணக்கா?"

"வெள்ளிக்கிழமை நான் வேலை செஞ்சேனே சார்."

மேடம் பரிதாபமா பாத்தாங்க. "உங்களுக்கே தெரியாம லீவுல இருந்திருக்கீங்க பிரதர்."

கணக்கருக்கு மட்டும் மனசு உறுத்துச்சு. "யோனா மீன் வயித்துல இருந்த மாதிரி மூணு பகல், மூணு ராத்திரின்னு ஆண்டவரே சொல்லியிருக்காரே. வெள்ளி ராத்திரி, சனி ராத்திரி... ராத்திரி ஒண்ணு குறையுது."



"அதனாலதான் சில அறிஞர்கள் அவரு புதன்கிழமையே இறந்தாருன்னு சொல்றாங்க," மேனேஜர் சமாளிச்சார்.

மேடம் முகம் தெளிஞ்சுது. "அப்போ பிரதர், உங்க அக்கா புதன்கிழமை இறந்ததா எழுதிக் குடுங்க. ராத்திரிக்கணக்கு நிறைவா வந்துடும்."

"புதன்கிழமை எங்கிட்ட போன்ல பேசினாங்களே மேடம்."

"என்ன பேசினாங்க?"

"உடம்புக்கு ஒரு மாதிரியா இருக்கு, லீவு கிடைச்சா வந்துட்டுப் போடான்னு. உங்ககிட்டதான் வந்து கேட்டேன். சாவுன்னாத்தான் லீவுன்னீங்க."

குழு அவசரமா தீர்மானத்துக்கு வந்துச்சு. "மேற்படி ஊழியர் ஞாயிறு அதிகாலை, வேதவசனத்துக்கு இணங்க, எழுந்து பணிக்குத் திரும்புவாராக."

இஸ்திரிக்காரர் எழுந்தார். அன்னிக்கே.

"ஒரே ஒரு சந்தேகம் சார். ஞாயித்துக்கிழமை எழுந்தவரு தச்சுப்பட்டறைக்கு வேலைக்குப் போனாரா? சிநேகிதங்களைத் தேடிப் போனாரு. உக்காந்து மீன் சாப்பிட்டாரு. நாப்பது நாள் இருந்துட்டு மேல போயிட்டாரு. ஷிஃப்ட்டுக்கு வந்தாருன்னு எங்கயும் எழுதலையே."

"அது வேற அதிகாரம் பிரதர்," பைபிளை மூடினார் மேனேஜர். "இங்க என்னோட அதிகாரம்."

ஞாயித்துக்கிழமை விடியுறதுக்குள்ள மேடம் இஸ்திரி அறைக்குப் போனாங்க. உள்ள ஆள் இல்ல. அவர் கட்டுற ஏப்ரன் ஒரு பக்கம் மடிச்சு வெச்சிருந்துச்சு. தலையில கட்டுற துண்டு தனியா, வேற ஒரு பக்கம் சுருட்டி வெச்சிருந்துச்சு. பெட்ஷீட் எடுக்க வந்த ஓட்டல் ஆளுங்க ரெண்டு பேர், வெள்ளை யூனிஃபார்ம்ல, பெஞ்சு மேல உக்காந்திருந்தாங்க.

"யாரைத் தேடுறீங்க மேடம்? அவர் இங்க இல்ல."

காலிக் கல்லறையைப் பாத்த பெண்கள் மாதிரி மேடம் பயந்துபோய் மேனேஜர்கிட்ட ஓடினாங்க.

அதே நேரத்துல, ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி, இஸ்திரிக்காரர் அக்கா வீட்டுக்குள்ள நுழைஞ்சிருந்தார். அக்கா மேல போத்தியிருந்த துணியில ஒரு சுருக்கம். யாருக்கும் கண்ணுல படாத சுருக்கம். உள்ளங்கையாலயே தேய்ச்சு நேராக்கினார். அதுக்கப்புறம்தான் அழுதார்.

காலை ஜெபத்துக்கு முன்னாடி கம்பெனி வாசல்ல அறிக்கை ஒட்டியாச்சு: "நாங்கள் நித்திரைபண்ணுகையில், எதிர்க்கடை லாண்டரிக்காரர்கள் இராத்திரியிலே வந்து எங்கள் இஸ்திரிக்காரரைக் களவாய்க் கொண்டுபோய்விட்டார்கள்."

கம்பெனி வேதத்தை மீறுச்சுன்னு யாரும் சொல்லிட முடியாது. லாண்டரிக்காரங்களையும் இஸ்திரிக்காரரையும் தவிர மத்ததெல்லாம் அப்படியே வேதத்துல இருக்கிற வார்த்தை. என்ன, அது ஆண்டவர் வாயில வந்த வார்த்தை இல்ல. கல்லறைக்கு முத்திரை வெச்சு, காவல் போட்டு, அவர் எழுந்தே தொலைச்சிடக் கூடாதுன்னு பாத்துக்கிட்டவங்க, அவர் எழுந்தப்புறம் காவல்காரங்களுக்குக் காசு குடுத்துச் சொல்லிக்குடுத்த வார்த்தை.