ஜீவமணி அண்ணாச்சியின் மூன்று காரணங்கள்

இனிமேல் எந்தச் சங்கதியானாலும் மூன்றாகப் பிரித்துத்தான் பேசுவது என்று ஜீவமணி அண்ணாச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தீர்மானம் எடுத்தார்.

அன்றைக்குத்தான் தூத்துக்குடி வியாபாரிகள் சங்கத்தில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. வெளியூரிலிருந்து கோட்டு மாட்டிக்கொண்டு வந்த ஒருத்தர், "நீங்கள் சொல்வது எதிராளிக்குப் புரியவில்லையென்றால் குறை அவர் காதில் இல்லை, உங்கள் வாயில் இருக்கிறது. எதையும் மூன்றாகப் பிரியுங்கள். மனுஷ மூளை மூன்றைத் தாங்கும், முப்பதைத் தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவர் பேச்சு அப்படிப்பட்டது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை அவருடையது. நாலு முழம் கயிறு கேட்டு வந்தவரிடம், அவர் அப்பா காலத்துத் தேங்காய்நார்க் கயிற்றில் ஆரம்பிப்பார். அங்கிருந்து ஒரு புயலுக்குப் போவார். புயலிலிருந்து புதுக்கோட்டையில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்குப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் வந்தவர் அடுத்த கடையில் கயிறு வாங்கிப் படகையே கட்டியிருப்பார்.

திங்கட்கிழமை கடையில் சோதித்துப் பார்த்தார். விசைப்படகுக்காரர் ஒருத்தர் வந்தார். அண்ணாச்சி மூன்று விரலை நீட்டி, தடிமன், நீளம், உப்புத்தண்ணியில் எத்தனை நாள் தாங்கும் என்று மூன்றே வார்த்தை பேசினார். ஐந்து நிமிஷத்தில் ஒரு சுருள் கயிறு போய்விட்டது. அண்ணாச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்த வித்தை முன்னமே தெரியாமல் போச்சே, இதை வைத்து வீட்டில் இருக்கிற பெரிய சிக்கலையும் அவிழ்த்துவிடலாமே என்று நினைத்தார்.

வீட்டுச் சிக்கல் இதுதான். அவர் மகள் இந்துமதிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லை. போன வருஷம் அவர் சம்சாரம் அருணாசலவடிவு, திருச்செந்தூரில் முருகன் முன்னால் நின்று கண்ணீரோடு வேண்டிக்கொண்டாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் தூத்துக்குடியிலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்து உன்னைக் கும்பிட வைக்கிறேன் என்றாள். யாரை? அண்ணாச்சியை.

அந்த வீட்டில் அதுதான் வழக்கம். வேண்டுகிற வாய் வடிவுடையது. நிறைவேற்றுகிற உடம்பு அண்ணாச்சியுடையது. மகன் பிளஸ் டூ பாஸாக அண்ணாச்சி மொட்டை போட்டார். மகள் கல்யாணம் கூடிவர ஆறு மாசம் மீன் தொடவில்லை. தூத்துக்குடியில் இருந்துகொண்டு ஆறு மாசம் மீன் தொடாமல் இருப்பது என்றால் என்னவென்று அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது பேரன் பிறந்து மூன்று மாசம். தைப்பூசம் வருகிறது. பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் கூட்டிப் போகிற பாதயாத்திரையில் வடிவு இரண்டு பேருக்கும் பேர் கொடுத்துவிட்டாள். நாற்பது கிலோமீட்டர். அண்ணாச்சியோ நாலு கடை தள்ளி டீ குடிக்கவே ஸ்கூட்டரில் போகிறவர்.

அன்று சாயங்காலம் வடிவு சுளகில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நடக்க முடியாததற்குக் காரணங்களைச் சொன்னார். ஒன்று, முட்டுவலி. இரண்டு, கடையைப் பார்க்க ஆள் இல்லை. மூன்று, சர்க்கரை இருப்பதால் வேளைக்குச் சாப்பாடும் மாத்திரையும் வேண்டும். பேசி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வடிவு கீரையை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் இல்லையே?"

"மூணே மூணு. புரியுதா உனக்கு?"

"தெளிவாப் புரியுதுங்க. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருசத்துல இன்னைக்குத்தான் நீங்க பேசுனது எனக்கு முழுசாப் புரிஞ்சிருக்கு."

அண்ணாச்சிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பாவம், அவருக்கு ஒரு விஷயம் தெரியாது. இத்தனை வருஷமும் அவரைக் காப்பாற்றியதே அந்தப் புரியாத பேச்சுதான். வேண்டாம் என்று சொல்ல அவர் ஆரம்பித்தால் அது புயலுக்குப் போய், சித்தப்பா வீட்டுக்குப் போய், எதற்குப் பதில் சொல்வதென்று தெரியாமல் வடிவு, சரி விடுங்க என்று எழுந்து போய்விடுவாள். இப்போது அவரே மூன்று முடிச்சையும் எடுத்து, இது இது என்று அவள் கையில் கொடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை முட்டு டாக்டரிடம் கூட்டிப்போனாள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது, நடக்காததுதான் வியாதி என்று சொல்லிவிட்டார். புதன்கிழமை மகன் போன் பண்ணி, இரண்டு நாள் லீவு போட்டுக் கடையில் உட்காருவதாகச் சொன்னான். வியாழக்கிழமை பேச்சித்தாயே வந்து, கூட வருகிற வேனில் அண்ணாச்சிக்குத் தனியாகக் கோதுமை உப்புமா வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணாச்சி அவசரமாக, தை மாசம் படகுக்காரர்கள் கயிறு மாற்றுகிற சமயம் என்று நாலாவது ஒன்றை எடுத்தார்.

"அன்னைக்கு மூணுதான்னு சொன்னிய. நான் ரெண்டு தடவை கேட்டுக்கிட்டேன்" என்றாள் வடிவு.

அன்று ராத்திரி அண்ணாச்சி இட்லி இரண்டோடு எழுந்துவிட்டார். அதைத்தான் வடிவால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்னவென்று மெதுவாகக் கேட்டாள்.

"ஏளா, எனக்கு நடக்கப் பயமில்லை" என்றார் அண்ணாச்சி. "பாதியில உக்காந்துட்டேன்னா? வேண்டுனது பிள்ளைக்கு. என்னால அது பாதியில நின்னுட்டுன்னா, நாளைக்கு அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் என் காலாலதான்னு தோணும்."

வடிவு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க திருச்செந்தூருக்கு நடக்க வேண்டாம்" என்றாள். "வழியில பழையகாயல் வரைக்கும் நடங்க. போதும். மிச்சத்தை அங்கன போய்ப் பேசிக்கிடலாம்."

பழையகாயல்தானே என்று அண்ணாச்சி பச்சை வேட்டி கட்டிக் கிளம்பினார். விடியுமுன்னே வெள்ளனவே புறப்பட்டதால் உப்பளங்களைத் தாண்டும்வரை காற்று குளிர்ச்சியாக இருந்தது. பழையகாயலில் பாதத்தில் ஒரு கொப்புளம். வடிவு தேங்காய் எண்ணெய் தடவினாள். ஆத்தூர் வரை போனால் ஆற்றுத் தண்ணீரில் காலை நனைக்கலாம், அங்கே வெற்றிலைக் கொடிக்கால் நிழல் இருக்கிறது என்றாள். சரி, நிழலுக்காக நடந்தார். ஆத்தூரில் உப்புமா சாப்பிட்டுக் கண்ணயர்ந்தார். எழுந்தபோது வடிவு, இனி ஒரே ஒரு பாகம்தான் பாக்கி, வேனில் ஏறுவதென்றால் ஏறிக்கிடுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் என்றாள். இரண்டு பாகம் நடந்தவருக்கு வேனைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அவர் நொண்டினபோது வடிவும் நடையைக் குறைத்தாள். அவள் காலிலும் இரண்டு கொப்புளம் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் கோபுரம் தெரிந்தது. அண்ணாச்சி நடு ரோட்டிலேயே கை கூப்பி அழுதுவிட்டார். கடலில் குளித்து, நாழிக்கிணற்றுத் தண்ணீரில் தலை நனைத்து, சாமி கும்பிட்டு வெளியே வந்தார்கள். இந்துமதிக்கு வீடியோவில் பேசினார்கள். பேரன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். அண்ணாச்சி மணலில் காலை நீட்டி உட்கார்ந்தார். நாற்பது கிலோமீட்டர் நடந்த ஆம்பிளையின் தெம்பு அவர் மீசையில் இருந்தது.

"முடிஞ்சிட்டு வடிவு. நம்ம பிள்ளைக்கு நேந்ததை முடிச்சாச்சு."

வடிவு பன்னீர் இலை விபூதியைப் பிரித்து அவர் நெற்றியில் பூசினாள். கண்ணில் விழாமல் இருக்க உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, ரொம்பப் பிரியமாகச் சொன்னாள்:

"நேந்தது மூணு வருசத்துக்குங்க. மொத்தமாச் சொன்னா உங்களுக்குப் புரியாதேன்னுதான் இந்த வருசத்தை மட்டும் பிரிச்சுச் சொன்னேன்."