மூக்கர் பற்றவைக்காத அடுப்பு

சாகும்வரை இனிச் சக்கரத்தின் மேல்தான் வாழ்க்கை என்று மூக்கர் முடிவெடுத்து வண்டியில் குடியேறிப் பதினேழு நாள்தான் ஆகியிருந்தது. சாவு இவ்வளவு அவசரப்படும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஏங்க, கேஸ் வாசம் வருது."

மூன்று நாளாக மனைவி இதையேதான் சொல்கிறாள்.

"பிரமை."

"அழுகின முட்டை மாதிரி வருது."

"அப்ப முட்டையைத் தூக்கிப் போடு."

"முட்டை வாங்கியே பத்து நாளாச்சு."

இங்கே மூக்கரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சோப்புத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் வாசனை பார்க்கும் வேலை அவருக்கு. அவர் முகர்ந்து தலையாட்டாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. மல்லிகை ஒரு சொட்டு கூடினாலும் முகம் சுளிப்பார். முதலாளி கைகட்டி நிற்பார். பட்டப்பெயர் அங்கே வந்ததுதான். அப்பேர்ப்பட்ட மூக்கு, ஓய்வுபெற்ற மறுமாதம் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. எட்டு மாதமாக அவருக்கு ரோஜாவும் சாக்கடையும் ஒன்றுதான். முகத்தின் நடுவே மிச்சம் இருப்பது கண்ணாடி உட்காரும் மேடு. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லவே இல்லை.

சொல்லியிருப்பார். நடுவில் இந்த வண்டி வந்துவிட்டது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே அடங்கிய பழைய வீட்டு வண்டி. இருக்கிற வீட்டை விற்று இதை வாங்கலாம் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

"கட்டிலுக்கும் அடுப்புக்கும் நாலடிதான் இருக்கு. கேஸ் கசிஞ்சா ரெண்டு பேரும் பொட்டுனு போயிடுவோம்" என்றாள் மனைவி.

"என் மூக்கு இருக்கும்போது உனக்கென்ன பயம்?"

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் அவள் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். அப்போது மூக்கு போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

முந்தாநாள் தரையோரம் பொருத்தியிருந்த கேஸ் எச்சரிக்கைப் பெட்டி வீல் வீல் என்று கத்தியது. "நீ தலைக்கு அடிச்ச ஸ்ப்ரேதான் காரணம்" என்று அவர் அதன் வயரைப் பிடுங்கினார். அவள் வாழ்நாளில் தலைக்கு ஸ்ப்ரே அடித்ததில்லை. வழக்கம்போல் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள். அவரும் வழக்கம்போல், தண்ணீர்த் தொட்டி சின்னது, சிக்கனம் முக்கியம், நான் சுத்தமாகத்தான் இருக்கிறேன் என்று துண்டை மடித்து வைத்தார்.

நேற்று பக்கத்து வண்டிக்காரர் ஸ்பானர் கேட்டு வந்தார். முன்னாள் வெல்டர். இரண்டு புருவமும் கிடையாது. படியில் ஒரு கால் வைத்தவர், மூக்கைச் சுருக்கி, காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"சார், இந்த கேஸ் காத்தைவிட கனம். மேலே வராது, தரையோட படுத்துக்கும். ஒரு பொறி போதும். எனக்குப் புருவம் மட்டும்தான் போச்சு. கூட நின்னவருக்கு முகமே போச்சு. மூணு நாள் உயிரோட இருந்தார்."

"என் மூக்குக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் மூக்கர். வெல்டரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து மூக்கருக்கு நிம்மதி இல்லை. கட்டிலுக்கடியில் எதுவோ படுத்துக்கொண்டு தம்மையே பார்ப்பதுபோல் இருந்தது. உண்மையைச் சொன்னால் பொய் வெளியே வரும். வண்டி கைவிட்டுப் போகும். மகள் வீட்டு பால்கனியில் மடக்குக் கட்டில் போட்டுப் படுக்க வேண்டும். சொல்லாவிட்டாலோ மடக்குக் கட்டிலுக்கும் வேலை இருக்காது.

இதோ, இன்று காலையும் அதே பேச்சு. அடுப்பைத் தொட மாட்டேன் என்று ரொட்டியும் வாழைப்பழமும் கொடுத்துவிட்டாள்.

"சரி, பிரமைன்னா நீங்களே மோந்து பார்த்துச் சொல்லுங்க."

மூக்கர் மண்டியிட்டார். அடுப்புக்குக் கீழே, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், கட்டிலுக்கடியில் என்று தவழ்ந்து தவழ்ந்து முகர்ந்தார். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டது தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"சுத்தமான காத்து" என்று தீர்ப்புச் சொன்னார்.

"நிச்சயமா?"

"முப்பத்தோரு வருஷ சர்வீஸ்."

"அப்ப என் பிரமைதான். ஒரு டீ போட்டுக் குடுங்க."

அவள் லைட்டரை அவர் கையில் வைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். கதவைச் சாத்தினாள். கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"நீ வேணா காத்தாட வெளியே உக்காரேன்."

"எதுக்கு? சுத்தமான காத்து இங்கேயே இருக்கே."

"ஒரு ரெண்டு நிமிஷம்மா."

"உங்க சர்வீஸ் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. பத்தவைங்க."

அவர் அவளுடைய கால்களைப் பார்த்தார். வெடித்த குதிகால்கள் தரையில் அழுந்தியிருந்தன. வெல்டர் சொன்ன அந்தக் கேஸ் இந்த நேரம் அந்தக் கால்களைச் சுற்றித்தான் படுத்திருக்கும். மூன்று நாள் உயிரோடு இருந்தவரை நினைத்துக்கொண்டார். மூக்குடைபட்டால் ஒட்டவைத்துக்கொள்ளலாம். இவளுக்கு ஒன்று ஆனால்?

லைட்டரை மேடைமேல் வைத்தார்.

"எனக்கு வாசனை தெரியாது."

மூக்கர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எட்டு மாசமா தெரியாது. வீட்டை வித்தப்பவும் தெரியாது. பொய் சொல்லி உன்னை இங்கே கூட்டிட்டு வந்து சாகப் படுக்க வெச்சிருக்கேன்" என்றார். அழுதே விட்டார்.

அவள் எழுந்தாள். லைட்டரை எடுத்தாள். அடுப்பைத் திருகி, டக்கென்று அழுத்தினாள்.

"ஐயோ!" என்று மூக்கர் பாய்ந்து அவள் இரண்டு கால்களையும் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தார்.

டக். டக். டக். ஒன்றும் நடக்கவில்லை.

"எந்திரிங்க. சிலிண்டரே இல்லை."

"என்னது?"

"நேத்து நீங்க நடக்கப் போனப்ப சோப்பு நுரையைக் குழாய் பூரா தடவினேன். அடுப்புக்குப் பின்னாடி ரப்பர் குழாய்ல குமிழி குமிழியா வந்துச்சு. உங்க கம்பெனி சோப்புதான். அப்பவே வெல்டர் வந்து சிலிண்டரைக் கழட்டி வெளியே எடுத்துட்டார். புதுக் குழாய் சாயங்காலம் வருது."

"அப்போ இன்னிக்கு வாசம் வருதுன்னு சொன்னது?"

"பொய். வாசம் இல்லைன்னு நீங்க சொன்னதுதான் நிஜம். பாவம், அது நிஜம்னு உங்களுக்கே தெரியலை. மூக்கு இருந்திருந்தா தைரியமா பத்தவெச்சிருப்பீங்க."

மூக்கர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"பால் தீஞ்சு வீடே நாறிச்சு. நீங்க 'ஆகா, என்ன மணம்'னு குடிச்சீங்களே, அன்னிக்கே. நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். பத்திரத்துல கையெழுத்துப் போடும்போதுகூட பேனாவைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தேன்." அவள் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

மூக்கரால் நிமிர முடியவில்லை. "தெரிஞ்சுமா என் மூக்கை நம்பி வந்தே?"

"உங்க மூக்கை யார் நம்பினா? என் மூக்கை நம்பி வந்தேன்."

எச்சரிக்கைப் பெட்டியின் வயரைத் திரும்பச் சொருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. பெட்டி கத்தவில்லை.

"மகள் வீட்டுக்கே போயிடலாமா?" என்றார் மூக்கர், ஈனக்குரலில்.

அவள் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

"இப்ப வேணாம். முதல்ல குளிங்க. கேஸ் நாறினது மூணு நாள். நீங்க ஆறு நாள்."