கதவில் நுழையாத ரயில்

இனி என்ன நடந்தாலும் அந்த அறையை விட்டு ரயில் நகராது என்று தீனதயாளன் முடிவெடுத்தபோது, ரயில் அவர் மடியில் மல்லாந்து கிடந்தது. அதன் சக்கரங்களுக்குத் தையல் மிஷின் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி அம்சவள்ளி கதவோரம் நின்று செய்தியைச் சொல்லிவிட்டு அப்போதுதான் போயிருந்தாள்.

"அம்மா வர்றாங்க. மூட்டு வலி ஜாஸ்தியாயிடுச்சாம். இங்க டாக்டர்கிட்ட காட்டணும். வெள்ளிக்கிழம உளுந்தூர்பேட்டையில பஸ் ஏறுறாங்க. ரெண்டு மாசம் இருப்பாங்க. இந்த ரூம காலி பண்ணிடுங்க."

காலி பண்ணுவதாவது. அந்த அறைக்குள் ஒரு ரயில்வே இருந்தது.

கள்ளக்குறிச்சிக்கு ரயில் கிடையாது. பார்க்க வேண்டுமானால் சின்னசேலத்துக்குப் போக வேண்டும். இந்தக் குறையை அரசாங்கம் தீர்க்கிற வழியாகத் தெரியாததால் தீனதயாளனே தீர்க்க முன்வந்தார். திங்கள் முதல் சனி வரை சங்கராபுரத்தில் ஓர் அரசாங்க ஆபீசில் அவர் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜெனரல் மேனேஜர். குடைக்கம்பிகளை உருவித் தண்டவாளம் ஆக்கினார். அதற்காக வீட்டில் இருந்த குடைகள் எல்லாம் உயிரை விட்டன. அம்சவள்ளி இரண்டு மழைக்காலமாக முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் கடைக்குப் போய் வந்தாள். ஐஸ் குச்சிகளை வரிசையாக அடுக்கி ஸ்லீப்பர் கட்டை செய்தார். பழைய டேப் ரிக்கார்டர் மோட்டாரை வைத்து இன்ஜின். அட்டையில் சின்னசேலம் ஸ்டேஷன், கைகாட்டி மரத்தோடு.

இந்த ரயில்வேக்கு இன்னொரு அதிகாரியும் உண்டு. பின்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் வீரமுத்து. ஈயம் பற்றவைப்பதெல்லாம் அவர் இலாகா. ஞாயிறுதோறும் அந்த வாரம் செய்த பெட்டியைத் துண்டில் சுற்றி, கோழிக்குஞ்சு மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார். பவுடர் டப்பாவை வெட்டி அவர் செய்த கூட்ஸ் வேகனில் ஈர்க்குச்சிக் கரும்பு ஏற்றியிருந்தது. அதைப் பார்த்துத் தீனதயாளனுக்கு ஒரு வாரம் பொறாமையில் தூக்கமில்லை. அடுத்த ஞாயிறு பதிலுக்கு, ரயிலின் கடைசியில் மாட்டுகிற கார்டு வண்டி ஒன்று செய்து காட்டி, வீரமுத்துவின் தூக்கத்தைக் கெடுத்த பிறகுதான் மனம் ஆறியது.

இப்படியாக வளர்ந்த ரயில்வேயைத்தான் மாமியார் செல்லியம்மாளுக்காகப் பரணில் ஏற்றச் சொன்னாள் அம்சவள்ளி.

"பரண்ல எலி இருக்குதே" என்றார் தீனதயாளன்.

"இங்க எங்கம்மா இருப்பாங்களே" என்றாள் அம்சவள்ளி. அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை.

ஆனால் வியாழக்கிழமை ஊரே நின்றுபோனது. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல், ஒரு வாரம் என்றார்கள். வழி நெடுகப் புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே சாய்ந்து கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. பஸ் ஸ்டாண்டில் நாய்கள் கால் நீட்டிப் படுத்திருந்தன. ரேடியோவில் வந்த செய்திகள் நல்லதாக இல்லை. போலீஸ் வண்டி போகும்போதெல்லாம் தெருவில் கதவுகள் சாத்திச் சாத்தித் திறந்தன. எல்லோரும் கவலையாக இருந்தார்கள். தீனதயாளனும் கவலையாகத்தான் இருந்தார். கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. மாமியார் வர முடியாது. இந்தச் சந்தோஷத்தை முகத்தில் காட்ட முடியாதது இன்னொரு கவலை.

கடையைச் சாத்திவிட்டு வீரமுத்து வந்தார். இரண்டு பேரும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"இன்னாய்யா பண்ணலாம்?" என்றார் வீரமுத்து.

"ரோடு தொறக்கறதுக்குள்ள பெரிசா ஒண்ணு கட்டணும். லைன் போட்ட பலகை துண்டு துண்டா இருக்கறதாலதான எடு எடுங்கறா? நல்ல மரத்துல சட்டம் அடிச்சு, நாலு கால் வச்சு, மேல லைன் போட்டுட்டா?"

"போட்டுட்டா? நாலு ஆளு வச்சுத் தூக்கி வெளிய வச்சுட மாட்டாங்களா?"

தீனதயாளன் சிரித்தார். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். எழுந்து போய்க் கதவு நிலையை முழத்தால் அளந்து காட்டினார். மிகக் குறுகலான நிலை. அதற்கு வெளியே நடையும் குறுகல், அதிலும் ஒரு திருப்பம்.

"உள்ளயே வச்சு அடிக்கறம். ஆணி இல்ல, மரத்துல பொளி தோண்டி, சட்டத்தச் சொருகி ஆப்பு இறக்கிடறம். கழட்டவே முடியாது. கதவுல நுழையாது. எப்படிய்யா வெளிய எடுப்பா?"

வீரமுத்து தானும் ஒருமுறை நிலையை முழம் போட்டுப் பார்த்தார். பிறகு, "இந்த மூளைக்கு நீ டெல்லியில இருக்கணும்ய்யா" என்றார்.

கொல்லையில் பழைய வீட்டு உத்தரமும் சட்டங்களும் கிடந்தன. இரண்டு பேரும் அவற்றை உள்ளே இழுத்து வந்து அறுக்க ஆரம்பித்தார்கள். அறுப்பதற்கு நடுவில் தீனதயாளனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடிக்கடி வாசலுக்கு ஓடுவார். தெருமுனை வரைக்கும் போய், பஸ் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று காதைக் கொடுத்து நிற்பார். மாவு மிஷின் ஓடினால்கூட அவருக்கு டவுன் பஸ்ஸாகக் கேட்டது.

"இன்னாங்க, நின்னுக்கினே இருக்கீங்க?" என்று எதிர்வீட்டுக் கண்ணகி கேட்டாள்.

"பஸ் வுட்டாங்களான்னு பாக்கறேன்."

"பாவம், மாமியார் மேல எவ்ளோ ஆசை" என்றாள் கண்ணகி.

வீட்டில் நடப்பது அம்சவள்ளிக்குத் தெரியாமல் போகுமா? மரம் அறுக்கிற சத்தம் கேட்டு வந்து நின்றாள். தீனதயாளன் சண்டைக்குத் தயாரானார். மனதுக்குள் பேச்சை அடுக்கி வைத்திருந்தார். ஆனால் அவள் சட்டத்தைப் பார்த்தாள், அறையைப் பார்த்தாள், கதவையும் பார்த்தாள்.

"எவ்ளோ நீளம் வைக்கறீங்க?"

"அஞ்சடி."

"அஞ்சடின்னா வளைவு ரொம்பக் குறுகலா வராது? வண்டி கவுந்துடப் போவுது. ஆறடி வைங்க."

நண்பர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வளைவில் வண்டி கவிழ்வதுதான் இரண்டு வருடமாக அவர்களைத் தின்றுகொண்டிருந்த பிரச்சினை.

"அண்ணி சொல்றது கரெக்டுய்யா" என்றார் வீரமுத்து.

"உசரம்?" என்றாள் அவள்.

"இடுப்பு உசரம்."

"இடுப்பு உசரம் வச்சா பூரா நேரமும் நின்னுக்கினேதான் பாக்கணும். ஏற்கெனவே உங்களுக்கு இடுப்பு புடிக்குது. முழங்கால் உசரம் வச்சா பாயில உக்காந்து ரயிலு கண்ணுக்கு நேரா வர்ற மாதிரி பாக்கலாம் இல்ல?"

கண்ணுக்கு நேராக ரயில் வருவது. தீனதயாளனுக்கு உடம்பு சிலிர்த்தது. கல்யாணமாகிப் பத்து வருடமாகியும் தன் மனைவியைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். அன்று சாயந்தரம் அவரே கிணற்றில் தண்ணீர் இறைத்துக் குடங்களை நிரப்பினார்.

மறுநாள் அம்சவள்ளி காபியோடு வந்து உட்கார்ந்தே விட்டாள். லைன் போட்ட பலகையைச் சட்டத்தோடு சேர்த்து அடித்துவிட வேண்டாம் என்றாள்.

"ஏன்?"

"ஓடு ஒழுகுது. மழ பேஞ்சா கம்பி துருப் புடிச்சுடாது? ஒரு பக்கம் கீல் போட்டுச் சுவத்தோரமா தூக்கி மாட்டுற மாதிரி செஞ்சுக்குங்க. தண்ணியும் படாது, எலியும் ஏறாது."

கீல் போட்டார்கள். கொக்கியும் போட்டார்கள்.

ரயிலை ஓட்டிப் பார்த்தபோது பலகை தடதடவென்று அதிர்ந்தது. சின்னசேலம் ஸ்டேஷன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதற்கும் அவளே வழி சொன்னாள். சட்டத்துக்கு நடுவில் நைலான் நாடாவை இறுக்கிப் பின்னிவிட்டால் பலகை அதன்மேல் உட்காரும், அதிர்வு அமுங்கிவிடும். நாடா எங்கே கிடைக்கும், கடையெல்லாம் சாத்தியிருக்கிறதே என்று அவர் யோசிப்பதற்குள் ஒரு கட்டு நாடாவைக் கொண்டுவந்து போட்டாள்.

"எப்ப வாங்கின?"

"எதுக்காவது ஒதவும்னு வாங்கி வச்சேன்."

ஆண்கள் இரண்டு பேரும் விரல் சிவக்கச் சிவக்க நாடா பின்னினார்கள். பின்னி முடித்ததும் வீரமுத்து தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"தீனா, இத எங்கியோ பாத்த மாதிரி இருக்குதுய்யா."

"சேலம் ஜங்ஷன்ல யார்டு இப்படித்தான் இருக்கும்."

"அப்படியா?" என்று சந்தேகத்தோடு கேட்டுவிட்டு வீரமுத்து டீ குடிக்கப் போனார்.

பாக்கி இருந்தது மலை மட்டும். லைனுக்குப் பின்னால் கல்வராயன் மலை நிற்க வேண்டும் என்பது தீனதயாளனின் நெடுநாள் கனவு. காகிதக் கூழில் செய்யலாம் என்றார். கூழ் காய ஒரு வாரம் ஆகும் என்றாள் அம்சவள்ளி. ஒரு பழைய பச்சைப் புடவையை வெட்டி, உள்ளே இலவம்பஞ்சு அடைத்து, மேடும் பள்ளமுமாகத் தைத்துக் கொடுத்தாள். தலைப்பக்கம் வைத்தபோது அச்சு அசல் மலையாகவே இருந்தது.

மறியலின் கடைசி நாளில் மலையடிவாரத்தில் ரயில் ஓடியது. வளைவில் கவிழவில்லை. கரும்பு சிந்தவில்லை. பாயில் உட்கார்ந்து கண்ணுக்கு நேரே அது வருவதைப் பார்த்த தீனதயாளனுக்குக் கண் கலங்கிவிட்டது. வீரமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஈயப் புகை என்றார்.

அந்த நேரத்தில்தான் தூரத்தில் ஹாரன் கேட்டது. இந்த முறை மாவு மிஷின் இல்லை.

மரங்களை இழுத்துப் போட்டுவிட்டு ரோட்டைத் திறந்துவிட்டார்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே செல்லியம்மாள் வந்து இறங்கினார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். தீனதயாளன் வாசலிலேயே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"வாங்க அத்த. ஒரு சின்ன சங்கடம். அந்த ரூம்ல ரயிலு இருக்குது. எடுக்கலாம்னு பாத்தா கதவுல நுழைய மாட்டேங்குது. எவ்ளோ முயற்சி பண்ணிட்டோம்."

செல்லியம்மாள் மகளைப் பார்த்தார். மருமகனிடம் நேராகப் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"இன்னாடி சொல்றாரு மாப்ள?"

"தயாரா இருக்குதுன்னு சொல்றாரும்மா" என்றாள் அம்சவள்ளி. தாயைக் கைத்தாங்கலாக அறைக்குள் கூட்டிப்போனாள். ரயிலை எடுத்துத் தீனதயாளன் கையில் கொடுத்தாள். பலகையைத் தூக்கிச் சுவரில் கொக்கி மாட்டினாள். சின்னசேலம் ஸ்டேஷன் செங்குத்தாக நின்றது. கீழே ஆறடி நீளத்தில், முழங்கால் உயரத்தில், இறுக்கிப் பின்னிய நாடாவோடு ஒரு கட்டில் இருந்தது. அதன்மேல் ஜமுக்காளத்தை விரித்து, தலைமாட்டில் கல்வராயன் மலையைத் தட்டி வைத்தாள்.

செல்லியம்மாள் மெதுவாக உட்கார்ந்தார். காலைத் தரையில் ஊன்றி எழுந்து பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். வலிக்காமல் உட்கார்ந்து எழுந்து எத்தனை மாதமாயிற்றோ, முகம் மலர்ந்துவிட்டது.

தீனதயாளன் கட்டிலைப் பார்த்தார், கையிலிருந்த ரயிலைப் பார்த்தார்.

"அம்சா, ஒரு கட்டில் வாங்கணும்னு சொல்லியிருந்தா நான் வாங்க மாட்டனா?"

"மறியலுக்கு முன்னாடியே கடையில போய் எல்லாத்தையும் அளந்து பாத்துட்டேங்க. ஒண்ணுகூட இந்தக் கதவுல நுழையல. உள்ளயே வச்சு அடிக்கணும்னு ஆசாரி சொன்னாரு. ஆசாரியத் தேடிப் புடிக்கறதுக்குள்ள நீங்களே ஆரம்பிச்சுட்டீங்க."

"அப்ப ரயிலு?"

"ரயிலு எங்க போயிடும்? ஞாயித்துக்கிழம அம்மா குளிக்கப் போவாங்க இல்ல, அப்ப எறக்கி வுடுங்க."

ஞாயிற்றுக்கிழமை வீரமுத்து புதிதாகச் செய்த தண்ணீர் டேங்கர் வண்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். அறையை எட்டிப் பார்த்தார். செல்லியம்மாள் மலைமேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ நாளா நம்ம லைன்ல பேசஞ்சரும் கூட்ஸும்தான்யா. இப்பதான் ஸ்லீப்பர் வந்திருக்குது" என்றார்.

தீனதயாளன் சிரிக்கவில்லை. மடியில் இன்ஜினை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நடந்தார், மறுபடி உட்கார்ந்தார். மாமியார் குளிக்க வைத்த வெந்நீர் கொதித்து, ஆறி, மறுபடி கொதித்தது. உள்ளே கட்டில் சத்தம் போடும்போதெல்லாம் இரண்டு பேரும் பாதி எழுந்து நின்றார்கள். செல்லியம்மாள் புரண்டு படுத்தாரே தவிர எழுந்திருக்கவில்லை. கடைசியில் உள்ளேயிருந்து மகளைக் கூப்பிடுகிற குரல் கேட்டது. தீனதயாளன் இன்ஜினோடு கதவருகே ஓடினார்.

"அம்சா, வேலாயி சித்திக்கும் முட்டி வலின்னு இங்கதான் வர்றாளாம்" என்றார் செல்லியம்மாள். "மாப்ளைய கேளு, இதே உசரத்துல இன்னொரு ரயிலு செய்வாரான்னு."